சாஃபோவின் தொலைபேசி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு தகவல் சுற்றிக்கொண்டிருக்கிறது. 'டெலிஃபோன்' முழுக்க முழுக்கத் தமிழ்ச் சொல்லாம். கிரேக்கத்தில் 'தேலெ' என்றால் தூரம், 'ஃபோனே' என்றால் குரல். இரண்டும் நம் 'தொலை', 'பண்' ஆகியவற்றிலிருந்து போனவை என்கிறார்கள். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியன். நம்ப ஆசைதான், ஆனாலும் எங்கோ உறுத்துகிறது. ஒலியும் பொருளும் இவ்வளவு பொருந்தும்போது தற்செயல் என்று எப்படித் தள்ளுவது?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ். ஐயா அவர்களுக்கு,

அந்தத் தகவல் எனக்கும் வந்தது, இரண்டு முறை. ஒன்றை அனுப்பியவர் என் மைத்துனர். உங்களுக்கு உறுத்தியது சரியான உறுத்தல்தான்.

'தேலெ'யின் தகரத்திலிருந்து தொடங்குகிறேன். அந்தத் தகரம் பிறவித் தகரம் அல்ல. பழைய கிரேக்கம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. நான்கு என்பதற்கு ஏதென்ஸ்காரர் 'தெத்தரெஸ்' என்பார். ஐயோலிய வழக்கில் அது 'பிசுரெஸ்'. லத்தீனில் 'குவத்துவோர்'. சமஸ்கிருதத்தில் 'சதுர்', நம் சதுரங்கத்தில் இருப்பது. நான்கும் ஒரே சொல். முதலில் இருந்தது அடிநாக்கும் குவிந்த உதடும் சேர்ந்து எழுப்பும் 'க்வ' போன்ற ஓர் ஒலி. எகரத்துக்கு முன்னால் வரும்போது ஏதென்ஸில் அது தகரமாயிற்று. ஐயோலியர் வாயில் உதடு ஜெயித்துப் பகரமாயிற்று. இது ஊகக் கணக்கு மட்டுமல்ல. 1952இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்துக்காட்டிய, ஹோமருக்கும் முந்தைய கிரேக்கத்தில் எழுதப்பட்ட மைசீனியக் களிமண் பலகைகளில் இந்த ஒலிக்கென்றே தனிக் குறிகள் இருக்கின்றன.

தூரத்தைக் குறிக்கும் சொல்லும் இதே தடத்தில் வந்ததுதான். ஏதென்ஸில் 'தேலெ', ஐயோலியர் வாழ்ந்த லெஸ்பொஸ் தீவில் 'பேலொய்'. ஆக மூலத்தில் இருந்தது 'க்வ'. தொலையின் தகரத்துக்கு அங்கே இடமே இல்லை.

லெஸ்பொஸ் என்றதும் அந்தத் தீவின் கவிஞர் சாஃபோ நினைவுக்கு வருகிறாள். கி.மு. 600ஐ ஒட்டி வாழ்ந்தவள். அவளுடைய பாடல்களில் முழுதாக மிஞ்சியது ஒன்றே ஒன்று. பிற்காலத்தில் டயோனிசியஸ் என்ற பேச்சுக்கலை ஆசிரியர் அழகான நடைக்கு உதாரணமாக அதை முழுக்க எடுத்துக்காட்டியதால் பிழைத்தது. அஃப்ரோடைட் தேவியிடம் கெஞ்சுகிறாள்: முன்பு என் குரலை வெகுதொலைவில் கேட்டு இறங்கி வந்தாயே, அதுபோல இப்போதும் வா. தொலைவு, குரல், கேட்டல் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. தொலைபேசிக்கு வேறென்ன வேண்டும்! ஆனால் அந்த வரியில் தேலெயும் இல்லை, ஃபோனேயும் இல்லை. தொலைவுக்கு 'பேலொய்', குரலுக்கு 'அவ்தா'. இந்த அவ்தா சமஸ்கிருத 'வத்' (பேசு) என்ற வேரோடு உறவு என்பது பெரும்பான்மைக் கருத்து. அப்படியானால் கோர்ட்டில் நடக்கும் வாதம் அவளுடைய குரலுக்குத் தூரத்துச் சொந்தம்.

பண்ணுக்கு வருகிறேன். ஃபோனேயின் முதல் எழுத்தை அந்தக் கால கிரேக்கர் நாம் 'ஃபோன்' என்பதுபோலச் சொல்லவில்லை. மூச்சைத் தள்ளிச் சொன்ன பகரம் அது. அந்த ஒலி வரும் இடத்தில் லத்தீனில் 'ஃப' வரும், சமஸ்கிருதத்தில் வர்க்க எழுத்தான நான்காம் பகரம் வரும். சகோதரன் என்ற மூலச் சொல்லின் மூன்று மொழி வடிவங்களையும் அடுக்கிப் பாருங்கள்: ஃப்ராத்தேர், ஃப்ராத்தர், ப்ராதா. ஃபோனேயைப் பொதுவாகச் சேர்க்கும் குடும்பத்தில் கிரேக்க 'ஃபேமி' (நான் சொல்கிறேன்), லத்தீன் 'ஃபாரி' (பேசுதல்), ஊர்ப்பேச்சு என்ற பொருளில் 'ஃபாமா' எல்லாம் உண்டு. 'இன்ஃபன்ஸ்' என்றால் பேசாதது, அதாவது கைக்குழந்தை. கடன்சொல் தனியாளாகத்தான் வந்து இறங்கும். சித்தப்பா, அத்தை, ஒன்றுவிட்ட தம்பி என்று இத்தனை பேரோடு ஊரில் இருக்கும் ஒரு சொல்லை வந்தேறி என்று சொல்லிவிட முடியாது. போதாததற்கு, பண் என்பது இசையின் வகை. பேசும் குரல் அல்ல. அது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நீங்கள் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் எனக்குச் சுவாரசியம். ஒலியில் எந்தப் பொருத்தமும் இல்லாத இரண்டு சொற்கள் உடன்பிறந்தவையாக இருக்க முடியுமா?

கிரேக்கக் காவியப் புலவர் ஹோமரிடம் குரலுக்கு இன்னொரு சொல் இருக்கிறது: 'ஒப்ஸ்'. இலியட்டின் மூன்றாம் காண்டத்தில் ட்ராய் நகரத்துக் கோட்டைமேல் நின்று கிழவர் ஆன்டெனோர் எதிரிப் படையின் கிரேக்க வீரன் ஒடிசியஸைப் பற்றிச் சொல்கிறார். முன்பு தூது வந்தபோது அவன் எழுந்து நின்றானாம். கண் தரையில். கையில் கோல், அதை முன்னும் அசைக்கவில்லை பின்னும் அசைக்கவில்லை. ஒன்றும் தெரியாதவன் என்றே நினைக்கத் தோன்றும். ஆனால் நெஞ்சிலிருந்து அந்தப் பெருங்குரலை விட்டு, குளிர்காலப் பனித்துகள் போலச் சொற்கள் விழத் தொடங்கியதும் அவனோடு போட்டிபோட ஆளே இல்லை.

குரலுக்கு அங்கே 'ஒப்ஸ்', சொற்களுக்கு 'எபோஸ்' என்பதன் பன்மையான 'எபெஆ'. இனி யாப்பைக் கவனியுங்கள், ஆசிரியர் நீங்கள். கிரேக்கத்தில் 'கய்' என்றால் 'மேலும்'. அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இந்தக் 'கய்' வழக்கமாகக் குறுகிவிடும், நம் ஐகாரக்குறுக்கம் மாதிரி. இங்கே 'எபெஆ'வுக்கு முன்னால் அது குறுகாமல் நெடிலாகவே நிற்கிறது. முந்தைய வரியில் 'ஒப்ஸ்'ஸுக்கு முன்னால் வரும் 'தே'யும் அப்படியே. ஓரிரண்டு இடமென்றால் புலவருக்கான சலுகை என்று விட்டுவிடலாம். ஹோமர் நெடுக இதே கதை. பதினெட்டாம் நூற்றாண்டில் ரிச்சர்ட் பென்ட்லி என்ற ஆங்கில அறிஞர் காரணத்தைப் பிடித்தார்: அந்தச் சொற்களின் முன்னால் ஒரு வகரம் இருந்திருக்கிறது. எழுத்தில் அது போய்விட்டது, யாப்பில் அதன் இடம் காலியாக நிற்கிறது. சைப்ரஸ் தீவின் கல்வெட்டில் 'வெபோஸ்' என்று வகரத்தோடேயே இருக்கிறது.

போன வகரத்தைத் திருப்பிக் கொடுங்கள். பகரத்தைப் பழைய 'க்வ' ஆக்குங்கள். ஒப்ஸ் 'வொக்வ்ஸ்' ஆகும். லத்தீனில் 'வோக்ஸ்'. சமஸ்கிருதத்தில் 'வாக்'. அங்கிருந்து நாம் கடன் வாங்கியது வாக்கு. எபோஸின் பக்கம் போனால் அதே வேரில் வசனம். ஒடிசியஸின் நெஞ்சிலிருந்து வந்தது நம் வாக்குச்சாவடியில் இருக்கிறது. ஒப்ஸுக்கும் வாக்குக்கும் பொதுவான எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விதி இருக்கிறது, அதே விதி வேறு நூறு சொற்களிலும் செல்லும்.

கிரேக்கத்துக்குள்ளேயே எதிர்ப்பக்க உதாரணம் உண்டு. கலியோபே என்ற கலைத்தேவியின் பெயரில் வரும் 'ஒப்' குரல், இன்குரலாள் அவள். சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக்கண் அரக்கனின் பெயரில் வரும் 'ஓப்ஸ்' கண். இரட்டைப்பிள்ளைகள் போலத் தெரியும். வேர் வேறு வேறு.

'வெள்ளைக்காரன் விதியை நாம் ஏன் ஏற்கவேண்டும்' என்று குழுவில் யாராவது கேட்பார்கள், நிச்சயம். 1816இல் எல்லிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி சென்னையில் இருந்துகொண்டு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் சமஸ்கிருதத்தில் பிறந்தவையல்ல, தனிக் குடும்பம் என்று காட்டியது வேர்களை அடுக்கி ஒப்பிடும் இதே வழியில்தான். நமக்குச் சாதகமாக வரும்போது தராசு, வராதபோது சதி என்றால் எப்படி?

இதையெல்லாம் சுருக்கி மைத்துனருக்கு அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள் காலை ஒரே வரி வந்தது: "அப்ப இஞ்சியும் நம்மளது இல்லையா?"

இஞ்சி நம்முடையதுதான். இஞ்சிவேர் பாலி மொழியில் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கரிடம் 'ஸிங்கிபெரிஸ்' ஆனது. சரக்கு கப்பலேறியது, பெயரும் கூடவே ஏறியது.

அன்புடன்.