காது காய்த்துப்போகாது

அன்புள்ள சார்,

எனக்கு வயது 46. பள்ளிபாளையம் பக்கம். வீட்டை ஒட்டியே பட்டறை, எட்டுத் தறி. கல்யாணமாகி வந்த வருடத்திலிருந்து ஊடை நூல் தார் போடுவது, தறி ஓட்டுவது எல்லாம் நானும்தான். நான்கு வருடமாக இரண்டு காதிலும் கொய்ங் என்று ஒரு சத்தம். தறி ஓடும்போது தெரியாது. கரண்ட் போனால் ஆரம்பித்துவிடும்.

தீபாவளிக்கு எல்லோரும் ஈரோட்டில் படத்துக்குப் போனோம். பெரிய ஹீரோ படம். முதல் சண்டையிலேயே காதுக்குள் ஊசி ஏறினதுபோல வலி, நெஞ்செல்லாம் அதிர்ந்தது. இடைவேளைக்கு முன்பே வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். “இருவத்தஞ்சு வருசமாத் தறிச் சத்தத்துல இருக்கறவளுக்கு சினிமாச் சத்தம் என்ன பண்ணீருமாக்கு? உன்ற காது இன்னேரம் மரத்துப்போயிருக்கோணுமே” என்று வீட்டுக்காரர் சிரித்தார். அன்று ராத்திரி கொய்ங் இரண்டு மடங்கு. மூன்று நாள் தூக்கமில்லை. டாக்டர் டெஸ்ட் எடுத்துப் பார்த்து, நரம்பு கொஞ்சம் வீக், பழகிக்கொள்ளுங்கள் என்று சத்து மாத்திரை கொடுத்தார்.

இப்போது குக்கர் விசிலுக்கே பயப்படுகிறேன். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் சமையல். பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வருகிறது, மறுபடியும் படம் என்கிறார்கள். “நீ வீட்லயே ஓடிடி பாரும்மா” என்கிறாள் மகள். எனக்கு வெளியே போவது என்றால் தியேட்டர் ஒன்றுதான். இனிமேல் அதுவும் கூடாதா? உங்களுக்கும் இந்தத் தொந்தரவு உண்டு என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்,

போகலாம். பொங்கலுக்கே போகலாம். எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்காரர் சொன்ன வார்த்தைக்கு வர வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் பாதிப் பேர் காதைப் பற்றி அப்படித்தான் நினைக்கிறார்கள்.

மண்வெட்டி பிடித்த கை காய்த்துப்போகும். காய்த்த தோல் அடுத்த நாள் அடியைத் தாங்கும். காது காய்க்காது. உட்காதில் நத்தைக் கூடு போன்ற சுருளுக்குள் மயிரிழைபோல் முனைகொண்ட செல்கள் இருக்கின்றன, காதுக்குச் சுமார் பதினைந்தாயிரம். பிறக்கும்போது கொண்டுவந்ததுதான் கணக்கு. பேரொலியில் சாய்ந்தவை சாய்ந்தவைதான். கோழிக்கு அவை மறுபடி முளைக்கின்றன என்று 1980களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். நமக்கு முளைப்பதில்லை. உங்கள் கொல்லையில் மேய்கிற கோழிக்கு இருக்கிற வசதி நமக்கில்லை.

மரத்துப்போன காது சத்தத்தைத் தாங்கும் என்பது அதைவிடப் பெரிய தவறு. எல்லா வீட்டிலும் ஒரு தாத்தா உண்டு. “சத்தமாத்தான் பேசேன்” என்பார். கொஞ்சம் உயர்த்திப் பேசினால் “ஏன்டா கத்தறே, நான் என்ன செவிடா?” என்று சீறுவார். நாம் அவரைக் கோபக்காரர் என்று நினைத்துக்கொள்கிறோம். அவர் காதில் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் செல்கள் போய்விட்டன, உரத்த ஒலி மட்டும் பழைய உரத்திலேயே வந்து விழுகிறது. ‘கேட்கவில்லை’க்கும் ‘தாங்கவில்லை’க்கும் நடுவே ஒரு முழம் இருந்தது சாணாகிவிட்டது. தறிக்காரர் காதுக்கும் அதே கதைதான்.

கொய்ங் எங்கிருந்து வருகிறது? கோயில் மைக்செட்டில் மைக்கைக் கழற்றிவிட்டு வால்யூமை முழுக்கத் திருப்பினால் உஸ்ஸென்று ஒரு இரைச்சல் வருமே, ஏறக்குறைய அதுதான். காதிலிருந்து வர வேண்டியது வராதபோது மூளை தன் பக்கத்து வால்யூமை ஏற்றிவைக்கிறது என்பதே இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். கரண்ட் போனதும் உங்களுக்குத் தொடங்குவதில் மர்மமில்லை. 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், காதில் குறையேதும் இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். நூற்றுக்கு 94 பேருக்கு ரீங்காரமோ விசிலோ ஏதோ ஒன்று கேட்டிருக்கிறது. முழு நிசப்தத்தில் யார் காதும் சும்மா இருப்பதில்லை.

டெஸ்டில் ‘கொஞ்சம் வீக்’ என்று வந்ததை வைத்து நீங்கள் மிகைப்படுத்துவதாக யாரும் சொல்ல முடியாது. 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற இரு ஆய்வாளர்கள் எலிகளை 100 டெசிபல் ஓசையில் இரண்டு மணிநேரம் வைத்தார்கள். சில நாட்களில் கேட்கும் திறன் பழையபடி திரும்பிவிட்டது. ஆனால் உள்ளே செல்லையும் நரம்பையும் இணைக்கும் முடிச்சுகள், சில பகுதிகளில் பாதி வரைக்கும் போயிருந்தன. சாதாரண டெஸ்டில் பிடிபடாத சேதம். மாத்திரையைப் பற்றி ஒரு வரி: இந்த இரைச்சலை நிறுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை இன்றுவரை இல்லை. அதே சமயம் ஒரு காதில் மட்டும் சத்தம் வந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து துடித்தாலோ, திடீரென ஒரு காது அடைத்துக் கேட்காமல் போனாலோ அன்றே காது டாக்டரிடம் போக வேண்டும். கடைசியாகச் சொன்னதில் ஒவ்வொரு நாளும் கணக்கு.

இனி தியேட்டர். சிறுவயதில் டூரிங் டாக்கீஸில் திரைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு ஸ்பீக்கர் இருக்கும். பின்னால் பெஞ்சுக்காரர்களுக்கு வசனம் எட்டாது. “ஏ ஆபரேட்டர், சவுண்டு!” என்று கத்தியவர்களில் நானும் ஒருவன். கத்திக் கத்தி வாங்கிய சத்தம்தான் இப்போது நம்மைப் படிக்கட்டில் உட்காரவைக்கிறது. இன்று அட்மாஸ் என்கிற ஒலியமைப்பு உள்ள அரங்கில் தலைக்கு மேலும் ஸ்பீக்கர்.

எனக்குத் தெரிந்த ஒரு ஆபரேட்டர் இதன் உள்விவகாரத்தைச் சொன்னார். சவுண்ட் ப்ராசஸரில் பத்து வரை எண்கள் இருக்கும், ஏழில் வைப்பதுதான் முறை. ஸ்டூடியோவில் கலவை செய்தவர் கேட்ட அதே உரம் அரங்கிலும் வருவதற்காக வைத்த அளவு அது. அந்த அளவில் திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகலாம், அடித்தொனிக்கான சப்வூஃபர் 115 வரை. “ஏழுல வெச்சா குழந்தைங்க அழுதுரும் சார். நாங்க அஞ்சுல வெப்போம். ஃபேன்ஸ் ஷோன்னா ஏத்திருவோம்” என்றார். அரங்கில் குறைக்கிறார்கள் என்று தெரிந்து கலவை செய்பவர் இன்னும் உரக்கச் செய்கிறார். அவர் உரக்கச் செய்கிறார் என்று ஆபரேட்டர் இன்னும் குறைக்கிறார். இந்த மல்லுக்கட்டில் அடிபடுவது வசனம். அது கேட்கவில்லை என்று யாராவது கத்தினால் மறுபடி ஏறும்.

ஒருமுறை நான் மேனேஜரிடம் போய்க் குறைக்கச் சொல்லிப் பார்த்தேன். “ஒருத்தருக்காகக் கொறச்சா முந்நூறு பேரு சீட்டைக் கிழிப்பாங்க சார்” என்றார். பொய்யில்லை. 2024 மார்ச்சில் மத்திய அரசு, செவித்திறன், பார்வைத்திறன் குறைந்தவர்களும் திரையரங்கில் படம் பார்க்க வசனவரியும் காட்சி விளக்க ஒலியும் வேண்டும் என்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நல்ல காரியம். காது கேட்காதவரை நினைத்தவர்கள், தாங்க முடியாதபடி கேட்பவரை நினைக்கவில்லை. அமெரிக்காவில் ஏஎம்சி என்ற திரையரங்கு நிறுவனம் 2007இலிருந்தே ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக விளக்கை முழுக்க அணைக்காமல் சத்தத்தைக் குறைத்துச் சில காட்சிகள் நடத்துகிறது. நம் ஊரில் கூட்டமே வராத செவ்வாய்க்கிழமைக் காலைக் காட்சியை அப்படி விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

அதுவரை நம் காதுக்கு நாமே பொறுப்பு. பஞ்சு வேண்டாம், அது பெரிதாக எதையும் தடுப்பதில்லை. தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் நுரைத் தக்கை கிடைக்கும், மஞ்சளிலோ ஆரஞ்சிலோ, மலிவு. திரிபோல மெல்லிதாக உருட்டி, மறு கையால் தலைக்குப் பின்புறமாகக் காதை மேலே இழுத்துப் பிடித்துச் செருகி, அது உப்பும் வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். காதை இழுக்காமல் செருகினால் பஞ்சுக்குச் சமம். கூர்மையான ஒலிகளை அது அதிகம் தடுப்பதால் வசனம் போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். பாட்டுக்காரர்கள் போடுகிற சிலிக்கான் தக்கை எல்லாத் தொனியையும் ஒரே அளவில் குறைக்கும், படத்துக்கு அதுதான் சுகம், விலைதான் கூட. நெஞ்சதிர்வை எதுவும் தடுக்காது, அது காற்று வழியாகவும் நாற்காலி வழியாகவும் உடம்பில் ஏறுவது. இன்னொன்று, தக்கையோடு முறுக்கு சாப்பிடாதீர்கள். இடி இடிப்பதுபோல இருக்கும்.

தக்கையை எங்கே கழற்றுவது என்பதில்தான் நான் கோட்டைவிட்டேன். பதினோரு வருடத்துக்கு முன் திருவிழாவில் பக்கத்திலேயே ஒரு அதிர்வேட்டு வெடித்து எனக்கு இது தொடங்கியது. பயந்துபோய் நான்கு மாதம் காலையிலிருந்து இரவு வரை காதை அடைத்துக்கொண்டே திரிந்தேன். கடைசியில் தட்டு வைக்கிற சத்தத்துக்கு உடம்பு தூக்கிப்போட்டது. மனைவி சமையலறையில் பூனைபோல நடந்தாள். இப்படித்தான் ஆகும் என்பதற்கு ஆய்வே இருக்கிறது. 2003இல் ஃபார்ம்பி குழுவினர், நல்ல காது உள்ளவர்களை இரண்டு வாரம் தொடர்ந்து தக்கையோடு இருக்கச் சொன்னார்கள். கழற்றிய பிறகு சாதாரணச் சத்தமே அவர்களுக்கு முன்பைவிட உரக்கக் கேட்டது. மெல்லிய இரைச்சலைக் கேட்டுக்கொண்டே இருந்தவர்களுக்கு நேர்மாறாக, தாங்கும் சக்தி கூடியிருந்தது. மூளை அந்த வால்யூமை இரண்டு பக்கமும் திருப்பும்.

ஆகவே குக்கருக்குப் பஞ்சு கூடாது. ஒரேயடியாக எடுக்காமல் நாளுக்கு ஒரு மணிநேரமாகக் குறையுங்கள். விசில் வருவதற்கு முன் நீங்களே அடுப்பருகில் போய் நில்லுங்கள், எதிர்பாராமல் வருவதுதான் அதிகம் குத்தும். இரவில் அறையை நிசப்தமாக விடாமல் மின்விசிறியோ ரேடியோவோ மெல்ல ஓடட்டும்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமல் விட்ட இடத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழிலிடப் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபலில் எட்டு மணிநேரம் இருக்கலாம். மூன்று டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாகும்: 88 என்றால் நான்கு மணி, 91க்கு இரண்டு, 94க்கு ஒன்று, 100க்குக் கால் மணிநேரம். சினிமாவில் வசனக் காட்சிகள் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது, சண்டையும் பாட்டும்தான் மேலே போகும். உங்கள் பட்டறை? ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடாவை நிமிடத்துக்கு நூறு தடவைக்குமேல் அங்குமிங்கும் அடித்துத் தள்ளுகிற எட்டுத் தறி, தகரக்கூரை, ஒரு ஷிப்டுக்குப் பன்னிரண்டு மணிநேரம். தறிப்பட்டறையில் 90க்கு மேல் என்பது சர்வசாதாரணம். வருடத்துக்கு நான்கு படம் உங்கள் காதைக் கெடுக்கவில்லை. கெட்டுப்போன காதை உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான்.

தறி ஊர்க்காரர்கள் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வதைக் கவனித்திருக்கிறேன். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் நெசவுப் பெண்கள் அப்படிப் பேசியதற்கு ‘மீ-மா’ என்று ஒரு பெயரே இருந்தது. ஒரு தொழிலில் தனி வாய்ப்பேச்சு உருவாகிறதென்றால் அங்கே காது போய்க்கொண்டிருக்கிறது. இரைச்சலால் வரும் செவிட்டை நம் பழைய தொழிற்சாலைச் சட்டம் தொழில்நோய் அட்டவணையில் சேர்த்திருந்தது. ஆனால் விசையில் ஓடும் பட்டறையில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு அது தொழிற்சாலையாக இருந்தது. வீட்டோடு ஒட்டிய எட்டுத் தறிக்கு இன்ஸ்பெக்டர் வரப்போவதில்லை.

அதனால் தக்கை வாங்கும்போது ஒரு ஜோடி போதாது, ஒரு பெட்டியாக வாங்குங்கள். உங்கள் வீட்டுக்காரருக்கும், ராத்திரி ஷிப்ட் ஓட்டுகிறவருக்கும். “நூல் அறுந்தா சத்தத்துலதான் தெரியும், காதை அடச்சா எப்படி?” என்பார் வீட்டுக்காரர். தறிச் சத்தமும் தக்கையோடு சேர்ந்தே குறையும், அது மாறும்போது வித்தியாசம் தெரியும். ஒரு வாரம் பழக வேண்டியிருக்கும். பிறகும் ஒப்புக்கொள்ளாவிட்டால் டிவியை எத்தனையில் வைத்துப் பார்க்கிறார் என்று உங்கள் மகளைக் கேளுங்கள்.

பொங்கலுக்கு: முதல் மூன்று நாள் வேண்டாம், விசிலும் கத்தலும் திரையைவிட உரக்க இருக்கும். மாட்டுப்பொங்கல் கழித்து, கூட்டம் அடங்கிய ஒரு காலைக் காட்சி. திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடுவிலே, நடைபாதை ஓரமாக. சுவரோரமும் கடைசி வரிசையும் வேண்டாம், அங்கே ஸ்பீக்கர் தலைமாட்டில் இருக்கும். விளம்பரம் தொடங்குமுன்பே தக்கை. அமைதியான காட்சியில் கொய்ங் தலைதூக்கினால் ஒரு பக்கம் லேசாகத் தளர்த்திக்கொள்ளுங்கள். தாங்காவிட்டால் பத்து நிமிடம் வெளியே போய்விட்டு வருவேன் என்று நாத்தனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அப்போது யாரும் பின்னாலேயே ஓடிவர மாட்டார்கள்.

பார்த்துவிட்டு எழுதுங்கள். கதையை மட்டும் சொல்லிவிடாதீர்கள், நான் இரண்டாவது வாரம்தான் போவேன்.