பதில்: வியாசர்பாடி சர்வேயில் அம்மா பக்கத்தில் இருந்தால் பொண்ணு பேசுறதில்லை

வியாசர்பாடியில வீட்டுக்குப் போய் வளரிளம் பொண்ணுங்ககிட்ட வயசுக்கு வந்தது பத்திக் கேட்கிற சர்வேயில, நீங்க கேட்கிறதுக்கெல்லாம் அம்மாவே பதில் சொல்றாங்க, பொண்ணு தலைய மட்டும் ஆட்டுதுன்னு எழுதியிருக்கீங்க. ஒத்த ரூம் ஹவுசிங் போர்டு வீட்ல "கொஞ்சம் வெளிய இருங்கம்மா"ன்னா சந்தேகம்தான் வரும். இடத்தை மாத்துங்க. அங்கன்வாடியில பசங்க கிளம்பினப்புறம் உட்காருங்க. கதவு திறந்தே இருக்கட்டும். அம்மா கண்ணுக்குத் தெரியணும், காதுக்கு எட்டக்கூடாது. கூட ஒருத்தர் போய் அதே நேரத்துல அம்மாகிட்ட குடும்ப விவரப் படிவத்தை நிரப்பணும். இதுதான் முக்கியம், சும்மா உட்கார வச்சா எழுந்து வந்துடுவாங்க.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல்படி பெற்றோர் சம்மதம் தனி, 12 வயசுக்கு மேல பொண்ணோட எழுத்துபூர்வ இசைவு (பொண்ணே சரின்னு எழுதிக் கொடுக்கிறது) தனி. அம்மா கையெழுத்து மட்டும் போதாது.

வயசுக்கு வந்தது எப்போன்னு நேரா கேட்டா குத்துமதிப்பா ஒரு வயசு சொல்லும். "எத்தனாவது படிக்கும்போது? அரைப்பரீட்சைக்கு முன்னாடியா, பின்னாடியா?"ன்னு கேளுங்க.

"எதையும் யார்கிட்டயும் சொல்லமாட்டோம்"னு மட்டும் வாக்கு கொடுக்காதீங்க. 18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிஞ்சா, போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கிற சட்டம்) பிரிவு 19படி போலீஸ்கிட்ட சொல்லியாகணும். இதைச் சம்மதப் படிவத்திலேயே எழுதி, பேட்டிக்கு முன்னாடி வாய்விட்டும் சொல்லிடுங்க.