பத்தாயிரம் பவுண்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

கே: பில்டர் எனக்கு 9,000 பவுண்டு தரவேண்டும். வட்டி, கோர்ட் கட்டணம் சேர்த்தால் 10,000 தாண்டுகிறது. ஃபாஸ்ட் டிராக் கிடைக்குமா? (ஹாரோ)

கிடைக்காது. இங்கிலாந்து, வேல்ஸ் கோர்ட்டுகளில் பண வழக்கை மதிப்பைப் பார்த்து 'டிராக்' என்ற பிரிவுகளில் போடுவார்கள்: 10,000 வரை பெரும்பாலும் ஸ்மால் கிளெய்ம்ஸ், அதற்கு மேல் 25,000 வரை ஃபாஸ்ட் டிராக். வட்டி, செலவு, எதிராளி ஒப்புக்கொண்ட தொகை எல்லாவற்றையும் கழித்துவிட்டுத்தான் மதிப்புப் பார்ப்பார்கள். ஸ்மால் கிளெய்ம்ஸ்தான். கோர்ட் அனுப்பும் என்180 என்ற கேள்விப் படிவத்தை நிரப்பிக் கெடுவுக்குள் அனுப்புங்கள்.

கே: வாடகை வீட்டில் கூரை ஒழுகுகிறது. ரிப்பேர் செய்ய உத்தரவு கேட்கப்போகிறேன். 1,500 பவுண்டு வேலை. சின்ன வழக்குதானே?

இல்லை. இதில் வரம்பு ரிப்பேருக்கு 1,000, நஷ்டஈட்டுக்குத் தனியாக 1,000. ஒன்று தாண்டினாலும் ஃபாஸ்ட் டிராக்.

கே: 2,000 பவுண்டு வழக்குக்கு சொலிசிட்டருக்கு 3,000 கொடுத்தாயிற்று. ஜெயித்தால் திரும்ப வருமா? வராதென்றால் மன உளைச்சலுக்கென்று 9,000 சேர்த்து ஃபாஸ்ட் டிராக்குக்குப் போகலாமா?

மாதம் தவறாமல் யாராவது இதைக் கேட்கிறார்கள், அதுவும் பணத்தைக் கொடுத்த பிறகு! ஸ்மால் கிளெய்ம்ஸில் ஜெயித்தாலும் வக்கீல் செலவு வராது. கோர்ட் கட்டணம், வழக்குத் தொடுத்ததற்கென விதியில் உள்ள சிறிய நிர்ணயத் தொகை, வேலைக்குப் போகாத நாளுக்கு அதிகபட்சம் 95 பவுண்டு, பெரும்பாலும் இவ்வளவுதான். எதிராளி அடாவடியாக நடந்தால் மட்டும் விதிவிலக்கு. 'அவர் பொய் சொன்னார்' என்பதையெல்லாம் நீதிபதிகள் அவ்வளவு சுலபமாக அடாவடி என்று ஏற்பதில்லை.

அப்புறம் அந்த 9,000. டிராக்கை முடிவு செய்வது கோர்ட். நீங்கள் போட்ட தொகை நம்பும்படி இல்லையென்றால் விளக்கம் கேட்பார்கள். சாதாரண ஒப்பந்தத் தகராறில் மன உளைச்சலுக்குப் பெரும்பாலும் ஒன்றும் தேறாது. ஆனால் 115 பவுண்டு இருந்த தாக்கல் கட்டணம் 5 சதவீதக் கணக்கில் 550 ஆகிவிடும். தப்பித்தவறி ஃபாஸ்ட் டிராக்கே கிடைத்து நீங்கள் தோற்றால் எதிராளியின் வக்கீல் செலவும் உங்கள் தலையில். தொகையை ஊதிப் பெருக்காதீர்கள்.

கே: என் வழக்கு 60,000. பெரிய, சிக்கலான வழக்குகளுக்கான மல்டி டிராக்தானே?

எப்போது தொடுத்தீர்கள் என்று எழுதவேண்டாமா? 2023 அக்டோபர் 1 முதல் தொடுத்ததென்றால், 25,000க்கு மேல் 1 லட்சம் வரை இன்டர்மீடியட் டிராக். விசாரணை 3 நாளுக்குள் முடியவேண்டும். சிக்கல் அதிகமென்றால் மல்டி டிராக்குக்கு மாற்றலாம்.

கே: சமரசம் பேச கோர்ட் ஏற்பாடு செய்யும் மத்தியஸ்தர் கூப்பிடும்போது ஃபோனை எடுக்காவிட்டால்?

2024 மே 22 முதல் தொடுத்த சின்னப் பண வழக்குகளுக்கு அந்தச் சமரசப் பேச்சு கட்டாயம். ஒரு மணி நேரம், இலவசம். எடுக்காவிட்டால் வழக்கே தள்ளுபடியாகலாம். எடுங்கள். என்180ஐயும் அனுப்புங்கள்.

கே: கிளாஸ்கோவில் இருக்கிறேன். இதெல்லாம் எனக்கும்தானா?

இல்லை. அங்கே வேறு சட்டம், 5,000 வரை சிம்பிள் புரொசீஜர் என்ற சின்ன வழக்கு முறை. ஊரைக் குறிப்பிட்டீர்களே, நன்றி.