ஐந்து ஸ்மார்ட் பிளக் வாங்கியும் பில் குறையவில்லையே!
வீட்டுச் செலவும் கைபேசியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மின்கட்டணம் குறையும் என்று நம்பி, போன் ஆப்பிலிருந்தே மின்சாரத்தைப் போட்டு அணைக்கிற ஸ்மார்ட் பிளக் ஐந்து வாங்கினேன். இரண்டு போன் சார்ஜர், மேசை விளக்கு, ஸ்பீக்கர், டிவி எல்லாவற்றுக்கும் மாட்டி, ஆப்பில் நேரமும் குறித்து வைத்தேன். நான்கு மாதம் ஆகிவிட்டது, பில் அப்படியே இருக்கிறது. பிளக்கில் கோளாறா, நான் செய்ததில் தவறா?

பதில்: பிளக் நன்றாகத்தான் இருக்கும் அம்மா. மாட்டிய இடம்தான் சரியில்லை.

22 வருடமாக மின்சாதனங்களைப் பழுது பார்ப்பதுதான் என் தொழில். போகிற வீடுகளில் எல்லாம் இதையே பார்க்கிறேன். கண்ணுக்கு முன்னால் இருக்கிற சின்னப் பொருளுக்குக் காவல் வைக்கிறோம், மூலையில் ஓடிக்கொண்டிருக்கிற பெரிய பொருளை விட்டுவிடுகிறோம். இப்போது வருகிற நல்ல சார்ஜர், போன் மாட்டாமல் சும்மா சொருகியிருந்தால் 0.1 வாட்கூட இழுக்காது. ஸ்மார்ட் பிளக் அப்படியில்லை. உங்கள் கட்டளைக்காக எந்நேரமும் வைஃபையில் காத்திருக்க வேண்டும், அதற்கே ஏறக்குறைய ஒரு வாட் போகும். ஒரு வாட் என்பது வருடத்துக்கு 8.76 யூனிட். ஐந்து பிளக்குக்கு 44 யூனிட் பக்கம் வந்துவிடுகிறது. சார்ஜர் தின்பதைவிட அதைக் காக்கிற பிளக் அதிகம் தின்கிறது.

அந்த ஐந்தில் மின் அளவு காட்டுகிற பிளக் ஒன்றாவது இருக்கிறதா பாருங்கள். அதை மட்டும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சாதனத்திலும் ஒரு நாள் மாட்டி, ஆப் காட்டுகிற யூனிட்டை ஒரு தாளில் குறியுங்கள். என் வீட்டில் முதலில் மாட்டியது செட்டாப் பாக்ஸில். ஓடும்போது 14 வாட் காட்டியது. சரி என்று ரிமோட்டில் அணைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, ஆப்பில் 13 வாட்! அணைத்ததாக நினைத்துக்கொண்டு இத்தனை வருடம் தூங்கியிருக்கிறோம். வருடம் முழுக்க அப்படியே விட்டால் 114 யூனிட் அதிலேயே போய்விடும். ஸ்மார்ட் பிளக்குக்குச் சரியான இடம் இதுதான்.

பிரிட்ஜை அளக்கும்போது கொஞ்சம் பொறுமை வேண்டும். கம்ப்ரசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். அதனால் அந்த நேரத்து வாட்டைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. முழுதாக 24 மணி நேரம் விட்டு, மொத்த யூனிட்டைப் பாருங்கள். எங்கள் பழைய பிரிட்ஜ் நாளுக்கு 2.1 யூனிட் காட்டியது. கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி, மெல்ல இழுத்துப் பார்த்தேன். மேலே இறுக்கமாகப் பிடித்தது, கீழ் மூலையில் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அந்த இடத்தில் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. ரப்பரை மாற்றிய பிறகு 1.4 யூனிட். ஆப் செய்ததெல்லாம் ஓர் எண்ணைக் காட்டியதுதான். ஆனால் அது காட்டாமல் இருந்தால் நான் குனிந்து அந்த மூலையைப் பார்த்திருக்கவே மாட்டேன்.

இரண்டு எச்சரிக்கை. அளந்து முடித்ததும் பிரிட்ஜிலிருந்து பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நேரம் குறித்து அணைக்கிற வேலை அதற்கு ஆகாது, உள்ளே இருப்பது கெட்டுப்போகும். வாட்டர் ஹீட்டருக்கு நேரம் குறிப்பது நல்ல பலன் தரும். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குள்தான் ஆகும். நாள் முழுக்க அதைச் சூடாகவே வைத்திருப்பதில்தான் வீண் செலவு. குளிப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு மட்டும் போட்டால் போதும். ஆனால் பிளக்கின் மேல் எழுதியிருக்கிற ஆம்பியர் அளவு, ஹீட்டர் இழுப்பதைவிடத் தாராளமாக இருக்க வேண்டும். சின்ன பிளக்கில் ஹீட்டரை மாட்டி, ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறி உருகிப்போன ஒன்றை என் கையாலேயே கழற்றியிருக்கிறேன். சந்தேகம் இருந்தால் எலக்ட்ரீசியனைக் கேட்காமல் மாட்டாதீர்கள்.

கேள்வி: தள்ளுபடி, கேஷ்பேக் ஆப்கள் ஏழு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் மிச்சம் பிடித்ததாகக் காட்டுகிறது. மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஏன்?

பதில்: வாங்காமல் விட்டிருந்தால் எவ்வளவு மிச்சம் என்பதை எந்த ஆப்பும் காட்டாது தம்பி. அதுதான் காரணம்.

ஏழு ஆப்பின் அறிவிப்புகளையும் இன்றே அணைத்துவிடுங்கள். ஆப் உங்களைக் கூப்பிடக் கூடாது, தேவை வரும்போது நீங்கள்தான் அதைத் திறக்க வேண்டும். திறப்பதற்கு முன்பே பட்டியல் எழுதியிருக்க வேண்டும். இலவச டெலிவரிக்கு இன்னும் கொஞ்சம் வாங்குங்கள் என்று வரும்போது, அந்தக் கொஞ்சம் டெலிவரிக் கட்டணத்தைவிடப் பெரிதா என்று ஒரு நிமிடம் பாருங்கள். பெரிய பாக்கெட் மலிவு என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். விலையை எடையால் வகுத்து, 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்தால் சில நேரம் சின்ன பாக்கெட்தான் லாபமாக இருக்கும். கணக்குப் போட போனிலேயே கால்குலேட்டர் இருக்கிறதே.

எங்கள் வீட்டில் அதிகம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது தள்ளுபடி ஆப் அல்ல. நானும் என் மனைவியும் சேர்ந்து எழுதுகிற ஒரு சாதாரணக் குறிப்பு ஆப்தான். முன்பெல்லாம் சோப்புத் தூள் தீர்ந்துவிட்டது என்று அவளும் வாங்குவாள், வேலை முடிந்து வருகிற வழியில் நானும் வாங்குவேன். இப்போது அவள் வாங்கியதும் பட்டியலில் கோடு விழுந்துவிடுகிறது, என் போனிலும் அது தெரிகிறது. அலமாரியில் எல்லாமே இரண்டிரண்டாக அடுக்கியிருந்த காலம் போய்விட்டது.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஓர் ஆப்பில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, மூன்றாம் நாளே ஆப்பை அழித்துவிட்டேன். ஆனாலும் மூன்று மாதமாகப் பணம் எடுக்கிறார்கள். இது மோசடியா?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. என் மகளுக்கும் இதேதான் நடந்தது. ஆப்பை அழித்தால் போனிலிருந்து ஆப் மட்டும்தான் போகும், சந்தா போகாது. ஆண்ட்ராய்டு போன் என்றால் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டால் சந்தாக்கள் என்ற பகுதி வரும். ஐபோனில் செட்டிங்ஸுக்குப் போய் உங்கள் பெயரைத் தொடுங்கள், அங்கே இருக்கும். உடனே ரத்து செய்துவிட்டு, கடைசி மாதப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி விண்ணப்பம் போடுங்கள். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது, கேட்காமல் விடவும் வேண்டாம்.

அந்தப் பட்டியலில் இல்லையென்றால், நீங்கள் இணையதளம் வழியாக அட்டை எண் கொடுத்துச் சேர்ந்திருப்பீர்கள். அந்தத் தளத்திலேயே போய்த்தான் நிறுத்த வேண்டும். அப்புறம் ஒரு விஷயம். இனிமேல் எதில் இலவசமாகச் சேர்ந்தாலும், முடிகிற நாளுக்கு இரண்டு நாள் முன்பு அலாரம் வைத்துவிட்டுச் சேருங்கள்.

கேள்வி: தண்ணீர்க் கசிவைக் கண்டுபிடித்துப் போனுக்குச் செய்தி அனுப்பும் கருவி வந்திருக்கிறதாமே. வாங்கலாமா?

பதில்: நாள்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர் என்றால் வாங்கலாம். வீட்டில் எப்போதும் ஆள் இருந்தால், முதலில் காசில்லாமல் சோதித்துப் பாருங்கள். நொடிக்கு ஒரு சொட்டு விழுகிற குழாய் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லிட்டரைக் கொட்டிவிடும், அது கண்ணுக்குத் தெரியும். தெரியாத கசிவுக்குத்தான் சோதனை. இரவு எல்லோரும் படுத்த பிறகு தண்ணீர் மீட்டரைப் போனில் ஒரு படம் எடுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறப்பதற்கு முன் இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது.

பெரும்பாலும் அது கழிவறை ஃப்ளஷ் தொட்டிதான். தொட்டியில் நான்கு சொட்டு உணவு நிறம் விட்டு, அரை மணி நேரம் யாரும் பயன்படுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கீழே பேசினில் நிறம் இறங்கியிருந்தால் தொட்டியின் அடி ரப்பர் தேய்ந்திருக்கிறது. அதை மாற்றிவிட்டு, மறுபடி ஒரு ராத்திரி மீட்டரைப் படம் எடுங்கள்.