வேர்ட்பிரஸா, ஹியூகோவா?

அன்புள்ள ஐயா,

பள்ளிகளுக்கான கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் சிலர் சேர்ந்து உருவாக்கி வருகிறோம். அதன் இணையதளம், தளங்களை நடத்தும் மென்பொருளான வேர்ட்பிரஸில் இருக்கிறது. அமைத்துக் கொடுத்தவர் வேலை மாறிப் போய்விட்டார். இப்போது கவனிக்க ஆளில்லை. நிரல் எழுதும் இளைஞர்கள் ஹியூகோ என்ற தளம் உருவாக்கும் கருவிக்கு மாறலாம் என்கிறார்கள். கையேடு எழுதும் ஆசிரியர்களோ பழகிய வேர்ட்பிரஸே போதும் என்கிறார்கள். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் பக்கங்கள் வேண்டும். எதைத் தேர்ந்தெடுப்பது?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

ஹியூகோ என்பேன். வேர்ட்பிரஸில் குறை என்பதால் அல்ல. அதையும் அதன் பிளகின்கள் எனும் துணை நிரல்களையும் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டிருக்க வேண்டும்; விட்டால் எவனாவது உள்ளே புகுந்துவிடுவான். சம்பளத்துக்கு ஆள் வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டல்ல. ஹியூகோ எல்லாப் பக்கங்களையும் முன்கூட்டியே வெறும் கோப்புகளாக்கி வைத்துவிடுகிறது. ஆறு மாதம் யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் தளம் நிற்கும்.

நீங்கள் போகிற போக்கில் சொன்ன இருமொழி விஷயம்தான் எனக்குக் கவலை தருகிறது. டெபியன் என்ற கட்டற்ற இயங்குதளத்தின் இணையதளத்தைப் பாருங்கள். பல மொழிகளில் தன்னார்வலர்களே மொழிபெயர்க்கிறார்கள். பக்கங்களை உருவாக்கப் பயன்படுத்தும் கருவி டபிள்யூஎம்எல் (WML). 1990களில் எழுதப்பட்டது, உங்கள் இளைஞர்கள் சிரிப்பார்கள். ஆனால் அங்கே மொழிபெயர்த்த கோப்பின் தலையில் ஒரு வரி இருக்கும்: ஆங்கில மூலத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்து இது எழுதப்பட்டது என்று. மூலம் மாறியதும் எந்தப் பக்கம் பின்தங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். ரொம்பவும் பழசாகிவிட்டால் பக்கத்திலேயே எச்சரிக்கை தோன்றும். கோப்புகளில் செய்யும் மாற்றங்களைப் பதிப்புவாரியாகப் பதிந்துவைக்கும் கருவிகள் சிவிஎஸ்ஸும் (CVS) கிட்டும் (Git). 2018இல் அவர்கள் பழைய சிவிஎஸ்ஸிலிருந்து கிட்டுக்கு மாறியபோது கோப்புகளை நகர்த்தியதோடு வேலை முடியவில்லை. அந்த வரிகளில் இருந்த பழைய பதிப்பு எண்களையும் கிட்டுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டியிருந்தது. கருவியை மாற்றுவதன் உண்மையான செலவு இப்படிப்பட்ட இடங்களில்தான் ஒளிந்திருக்கிறது.

ஹியூகோவில் பன்மொழி வசதி உண்டு. தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் அது இணைத்துக் காட்டும். எது பழசு என்று தானாகச் சொல்லாது. டெபியனின் அந்த ஒரு வரியை நீங்களும் கடன் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஹியூகோவில் பக்கங்களை எழுதும் எளிய குறியீட்டு முறையான மார்க்டவுன் ஆசிரியர்களுக்குக் கடினமில்லை, ஒரு மாலையில் பழகிவிடலாம். கிட்டின் கட்டளைகளைக் கற்பிக்க மட்டும் முயலாதீர்கள், மறுநாள் வரமாட்டார்கள். கிட் கோப்புகளை வைக்கும் இணையதளங்களான கிட்ஹப்பிலும் கிட்லேபிலும் பிரவுசரிலேயே திருத்திச் சேமிக்கலாம். அதற்கும் தயங்கினால் கையேட்டுக்கு மட்டும் ஒரு விக்கி வைத்துவிடுங்கள். டெபியனும் தளத்தைத் தவிர விக்கி ஒன்றைத் தனியாக வைத்திருக்கிறது.

இன்னொன்று: ஹியூகோவைப் புதுப்பிக்கும்போது தளத்தின் தோற்றத்தைத் தரும் பழைய தீம்கள் உடைவதுண்டு. எந்தப் பதிப்பில் கட்டினீர்கள் என்பதைக் கோப்புகளோடு சேர்த்து எழுதிவையுங்கள். தீம் எதுவாக இருந்தாலும் தமிழ் எழுத்து ஒழுங்காகத் தெரிந்தால் போதும்.

தளத்தின் முகவரியான டொமைன் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. வேலை மாறிப் போனவர் பெயரில் இருந்தால், ஹியூகோவைத் தொடுவதற்கு முன் இந்த வாரமே அவரைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள்.