பாதரைக் கேளுங்க: பாஸ்கா கால வாசகங்கள்

கேள்வி: ஈஸ்டர் முடிஞ்ச அடுத்த ஞாயிறு எந்த வருஷம் பூசைக்குப் போனாலும் தோமா வர்ற அதே யோவான் சுவிசேஷப் பகுதிதான் பாதர். மத்த ஞாயிறுங்களுக்கு வாசகம் மூணு வருஷத்துக்கு ஒருதரம்தானே திரும்ப வருது, இதுக்கு மட்டும் ஏன்? இறை இரக்க ஞாயிறுங்கறதாலயா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: இல்லம்மா. இறை இரக்க ஞாயிறுன்னு போப் ரெண்டாம் ஜான் பால் அறிவிச்சது 2000-ல, தோமா அதுக்கு ரொம்ப முன்னாடியே இந்த ஞாயிறுல உக்காந்துட்டாரு. காரணம் யோவான் 20-லேயே இருக்கு, முதல் பாதி இயேசு உயிர்த்த அன்னைக்கு சாயங்காலம் நடக்குது, அப்ப தோமா அங்க இல்லை, காயத்துல விரல் விட்டுப் பாத்தாதான் நம்புவேன்னுட்டாரு. ரெண்டாவது பாதி எட்டு நாள் கழிச்சு, அப்ப அவரும் இருக்காரு. அதாவது சரியா இந்த ஞாயிறு. அதனாலதான் மூணு வருஷமும் மாறலை.

ஆனா 'சந்தேகத் தோமா'ன்னு நாம ஒரு பேர் வச்சிட்டு அவரை மட்டும் போட்டுத் தாளிக்கிறோம் பாருங்க, அது எனக்குப் பிடிக்கிறதே இல்லை. மத்த சீடர்கள் மட்டும் என்ன பண்ணாங்க? இயேசு உயிர்த்துட்டாருன்னு பெண்கள் வந்து சொன்னப்ப ஏதோ பிதற்றல்னு தள்ளிவிட்டாங்கன்னு லூக்கா எழுதுறாரு, அப்புறம் இயேசு நேர்ல வந்து கையையும் விலாவையும் காட்டினாரு, அதைப் பாத்துதான் சந்தோஷப்பட்டாங்க. மத்தவங்களுக்குக் கிடைச்சதைத்தான் தோமாவும் கேட்டாரு, கொஞ்சம் சத்தமா கேட்டுட்டாரு அவ்ளோதான். இயேசு லாசரைப் பாக்கக் கிளம்பினப்ப 'நாமும் போய் அவரோட சாவோம்'னு சொன்ன ஆளும் இவர்தாங்க.

இன்னொண்ணு, எட்டு நாள் கழிச்சும் கதவு பூட்டித்தான் இருந்துச்சுன்னு யோவான் மறக்காம சொல்றாரு. கண்ணால பாத்த ஆளுங்களே ஒரு வாரமா வெளிய வரலை, அப்புறம் தோமா அவங்க பேச்சை எப்படி நம்புவாரு? விரலை விட்டுப் பாத்தாருன்னு சுவிசேஷத்துல எங்கயும் இல்லை, படம் வரையறவங்கதான் விட வச்சிட்டாங்க. 'நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்'னு சொன்னதுதான் இருக்கு, அந்த அளவுக்கு அங்க வேற யாரும் சொல்லலை. பெரம்பூர்லேர்ந்து தோமா பேர்ல இருக்கிற சாந்தோம் கோயில் பக்கம்தானே, ஒரு நாள் போய் உக்காந்து அந்த அதிகாரத்தை மெதுவா படிங்க.

கேள்வி: பாஸ்கா காலத்துல (ஈஸ்டர்லேர்ந்து பெந்தகோஸ்து வரைக்கும்) பூசையில முதல் வாசகம் பழைய ஏற்பாட்டுலேர்ந்து வர்றதே இல்லையே?
- வாசகர், திருச்சி

பதில்: பாஸ்கா திருவிழிப்புக்கு, அதாவது ஈஸ்டர் ராத்திரி பூசைக்கு, ஏழு பழைய ஏற்பாட்டு வாசகம் இருக்குல்ல (நிறைய பங்குல சுருக்கிடறோம், அது வேற விஷயம்), அதுக்கப்புறம் பெந்தகோஸ்து வரைக்கும் புதிய ஏற்பாட்டுல இருக்கிற திருத்தூதர் பணிகள் நூல்தான். இது புதுசா வந்த வழக்கம் இல்லை, ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த ஆயர் அகுஸ்தினார் காலத்துலயே இப்படித்தான். கதவைப் பூட்டிட்டு இருந்த சீடர்கள் தெருவுக்கு வந்து என்ன பண்ணாங்கங்கறது அங்கதானே இருக்கு.

கேள்வி: உயிர்த்த இயேசு கரையில நின்னு சொல்லி சீடர்கள் போட்ட வலையில 153 மீன்னு வருதே பாதர், அதுக்கு ஏதாவது ரகசிய அர்த்தம் உண்டா? எங்க அப்பா கடலுக்குப் போறவரு, அவரு கேக்கச் சொன்னாரு.
- வாசகர், தூத்துக்குடி

பதில்: அர்த்தம் தேடினவங்க நிறைய பேரு. ஒண்ணுலேர்ந்து பதினேழு வரைக்கும் கூட்டினா 153 வரும்னு கணக்குப் போட்டு விளக்கினவரு அதே அகுஸ்தினார்தான். எனக்கென்னமோ அப்பாகிட்ட கேட்டாலே பதில் கிடைச்சிடும்னு தோணுது, கரைக்கு வந்தா பங்கு பிரிக்க எண்ணித்தானே ஆகணும்? அதைவிட அந்தக் கரி நெருப்பைப் பாருங்க. தலைமைக் குரு வீட்டு முற்றத்துல கரி நெருப்புல குளிர் காஞ்சிட்டுதான் பேதுரு மூணு தரம் இயேசுவைத் தெரியாதுன்னாரு, இங்க கரையிலயும் இயேசு கரி நெருப்பு மூட்டி வச்சிருக்காரு, மூணு தரம் 'என்மேல அன்பு இருக்கா'ன்னு கேக்குறாரு. ஆனா முதல்ல சாப்பிட வச்சாரு, அப்புறம்தான் கேள்வி. கோயில் கமிட்டி மீட்டிங்ல நாம இதுக்கு நேர்மாறாதான் பண்றோம்.

கேள்வி: பாஸ்கா திரியை (ஈஸ்டர் ராத்திரி ஏத்துற பெரிய மெழுகுதிரி) இயேசுவோட விண்ணேற்ற விழாவோட எடுத்துடணும்னு பாட்டி சொல்றாங்க, சரியா?
- வாசகி, வேளாங்கண்ணி

பதில்: பாட்டி சொல்றது பழைய முறை. இப்ப பெந்தகோஸ்து வரைக்கும் பீடத்துக்கிட்ட இருக்கும், அப்புறம் ஞானஸ்நானத் தொட்டி பக்கம் வச்சிடுவோம், ஞானஸ்நானத்துக்கும் அடக்கப் பூசைக்கும் ஏத்துவோம்.