கப்பல் ஏறுமுன் கொச்சியில் ஒரு நாள்

கே: நாங்கள் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில் போகிறோம். முந்தின நாள் காலையிலேயே எர்ணாகுளத்தில் இறங்கிவிடுவோம். டாக்ஸி வைக்காமல், மூட்டுவலிக்கார மாமியாரோடு ஊர் சுற்ற முடியுமா?
– வாசகி, கோவில்பட்டி

ப: தாராளமாக! ஃபோர்ட் கொச்சியின் குறுகிய தெருக்களில் கார்தான் தொல்லை. பெட்டிகளை ஓட்டலில் போட்டுவிட்டு, ஹைகோர்ட் பக்கம் வாட்டர் மெட்ரோ ஏறுங்கள். ஏ.சி. படகு. மேடையும் படகும் ஒரே மட்டத்தில் இருக்கும். மாமியார் காலைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை.

ஃபோர்ட் கொச்சியில் இறங்கியதும் புனித பிரான்சிஸ் தேவாலயம். 1524-ல் இறந்த வாஸ்கோடகாமாவை இங்கேதான் புதைத்தார்கள். எலும்புகள் பிறகு லிஸ்பனுக்குப் போய்விட்டன, கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது.

அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு ஆட்டோ. 1568-ல் கட்டிய யூதர் ஆலயத்தில் எல்லோரும் சரவிளக்கையே அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் தரையைப் பாருங்கள்: கையால் வரைந்த நீல நிறச் சீன ஓடுகள். சனிக்கிழமை மூடியிருக்கும், வெள்ளியன்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். பக்கத்து அரண்மனையில் ராமாயணச் சுவரோவியங்கள் உண்டு.

ஃபோர்ட் கொச்சிக் கரையில் நிற்கும் சீன மீன்பிடி வலைகளுக்கு மாலையில் வாருங்கள். கயிற்றில் தொங்கும் கற்களின் பாரத்தில் வலை எழும்புவதைப் பார்க்கலாம். மீன் என்னவோ கொஞ்சம்தான்! திரும்பும் படகில் கூட்டம் அதிகம். பொழுது சாயுமுன் டிக்கெட் எடுத்துவிடுங்கள்.